திருப்பிப் போட்டும் கேளுங்கள்

பங்க் என்கிற ராக் இசை வெறும் கூச்சல், மெட்டே கிடையாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எழுதியவர் பஸ்காக்ஸ் என்கிற பங்க் குழுவைக் கேட்டதில்லை போலிருக்கிறது. மான்செஸ்டர் பையன்கள். கடன் வாங்கி, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் 1977 ஜனவரியில் தாங்களே 1000 இசைத்தட்டு போட்டவர்கள். 1979-இல் வந்த அவர்களுடைய 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தொகுப்பில் ஒரு பக்கம் எட்டு சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்னத் தட்டுகள்) முன்பக்கப் பாட்டுகள், திருப்பினால் அதே வரிசையில் அவற்றின் பின்பக்கப் பாட்டுகள். போனில் கேட்டால் இந்த விளையாட்டு பிடிபடாது. முன்பக்கத்தில் பாதிக்கு மேல் மூன்று நிமிடம்கூட ஓடாது, ஆனால் மெட்டு நாள் முழுக்க வாயில் நிற்கும். ராக்கின் வேகமும் இனிய மெட்டும் சேர்ந்த பவர் பாப் இதுதான், வேறென்ன?

என்னிடம் இருப்பது பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், கடற்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்! அட்டை பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது. தட்டை மட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் மெல்லிய துணியை நனைத்து, பள்ளம் போகிற போக்கிலேயே துடைத்தேன். இப்போதும் சுத்தமாகப் பாடுகிறது. ஐப்பசி மழை முடிகிறவரை பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறேன். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.