மெஷின் மாட்டியுமா கேக்கல?

இந்தக் கேள்வியை இனி யாராவது என்னிடம் கேட்டால், காதில் மாட்டியிருக்கும் காது கேட்கும் மெஷினைக் கழற்றி அவர் இலையில் பாயசத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். ஒன்றரை லட்ச ரூபாய் போனால் போகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு கல்யாணம். நெருங்கிய சொந்தம், போகாமல் இருக்க முடியாது. தாலி கட்டும் வரை பிரச்சினை இல்லை. தவில், நாதஸ்வரம், போதாததற்குச் செண்டை மேளம் வேறு. அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது, எல்லாரும் கையை ஆட்டித்தான் பேசுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் நாங்கள் எல்லாரும் ஒரே ஜாதி. பந்திக்குப் போனதும்தான் நான் மட்டும் தனியாக விழுகிறேன்.

பந்தி ஹாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரை கிரானைட், சுவரில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ், மேலே காங்கிரீட். சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒரு திரைச்சீலைகூடக் கிடையாது. இருநூறு பேர் பேசியது சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த இருநூறு பேச்சின் தலையில் ஏறி உட்காரும். நடுவில் ஸ்டீல் வாளியில் கரண்டி மோதும். உங்களுக்கு அது வெறும் 'ணங்'. என் மெஷினுக்கு அது முக்கியச் செய்தி. எனக்குக் காதில் போனது மேல் ஸ்தாயிப் பகுதி. அதனால் அந்தப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும்படி மெஷினை செட் பண்ணியிருக்கிறார்கள். ச, த, ப எல்லாம் கேட்க வேண்டுமே என்று அவர்கள் தூக்கிவிட, கரண்டியும் கூடவே தொற்றிக்கொண்டு வருகிறது.

மெஷினில் 'ரெஸ்டாரன்ட் மோடு' என்று ஒன்று இருக்கிறது. வாங்கும்போது அதைத்தான் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு மைக் வைத்து, முன்னாலிருந்து வரும் பேச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலும் பின்னாலும் இருப்பதை அடக்குமாம். நல்ல யோசனைதான், எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு. நம் பந்தியில் எதிரில் யார் இருக்கிறார்கள்? பேச வேண்டிய சொந்தமெல்லாம் இடமும் வலமும். எதிரில் வருவது சாம்பார் வாளி. ஆக ஒன்றரை லட்ச ரூபாய்த் தொழில்நுட்பம் முழுக் கவனத்தோடு மாமாவை அடக்கிவிட்டு, வாளியை எனக்குத் துல்லியமாகக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இடப்பக்கம் மாமா. அம்மாவின் தம்பி. வலப்பக்கம் யாரோ, அவருக்குப் பேச்சில் ஆர்வமில்லை, நல்ல மனிதர். மாமா ஏதோ சொன்னார். புரியவில்லை. வாயைப் பார்த்தால் பாதி பிடித்துவிடலாம் என்று இடப்பக்கம் திரும்பினேன். மாமாவுக்கு மீசை. அந்தக் காலத்து மீசை, மேலுதடு என்ற ஒன்று இருப்பதாகவே தெரியாது. அதற்குக் கீழே வாய் நிறையச் சோறு. சரி, பொதுவாக ஒரு தலையாட்டல் போட்டு வைப்போம் என்று ஆட்டினேன். அதே நொடியில் எனக்கு முன்னால் நின்ற பையன் 'சாம்பார் சார்?' என்று கேட்டிருக்கிறான். என் தலையாட்டலை அவன் எடுத்துக்கொண்டான். ஊற்றினான். நான் பதறிக் கையை நீட்ட, கரண்டி தட்டி, பாதி சாம்பார் இலையில், பாதி என் வெள்ளைச் சட்டையில். வயிற்றுக்கு மேலே, முருங்கைக்காய்த் துண்டோடு.

துடைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா மறுபடி கேட்டார். இந்த முறை கேள்வி என்பது தெரிந்தது, முடிவில் குரல் ஏறியது.

"...அட்டா மாத்தியாச்சா மாப்ள?"

முதல் எழுத்து இல்லை. அதைக் கரண்டி தின்றுவிட்டது. இப்படித்தான் எப்போதும். நம் இலக்கணத்தில் க, ச, த, பவுக்கெல்லாம் வல்லினம் என்று பேர். யார் வைத்தார்களோ. இரைச்சலில் முதலில் செத்துப்போவது அந்த வல்லினம்தான். உயிரெழுத்துகள் நல்ல ஆகிருதியோடு அ, ஆ, ஓ என்று வந்து சேர்ந்துவிடும். எனக்கு உயிர் கேட்கிறது, மெய்தான் கேட்பதில்லை. ஒரு ஆள் பேசுகிறார், சத்தமாகப் பேசுகிறார், கேட்கிறது, என்ன சொன்னார் என்று மட்டும் தெரியாது. இதை வீட்டில் நானும் விளக்கிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "கேக்குதுங்கிறீங்க, அப்புறம் என்ன?" என்கிறார்கள்.

ஆக, மூளை வேலையை ஆரம்பித்தது. அட்டா மாத்தியாச்சா. கட்டா? தட்டா? மாற்றுவது எதை? கட்டையும் மாற்றலாம், தட்டையும் மாற்றலாம், ஆனால் எனக்கு அடிபடவில்லை, சாப்பிடுவது வாழை இலையில். என் மூளை பழைய காலத்துக் குமாஸ்தா மாதிரி, பாதி அழிந்த மனுவை வைத்துக்கொண்டு மீதியை அதுவே எழுதிக்கொள்ளும். அக்கம்பக்கம் பார்த்தது. சட்டையில் சாம்பார். மாமாவின் கண் என் பக்கம். முடிந்தது கதை. சட்டை மாத்தியாச்சா!

எல்லாரும் பார்க்கத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், மாத்தியாச்சாவென்று கேட்கிறாரே என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. சொன்னேன்:

"இல்ல மாமா, வீட்டுக்குப் போய்த்தான் மாத்தணும். இங்க எல்லார் முன்னாடியும் எப்படி?"

மாமாவின் புருவம் மேலே போனது. ஏதோ கேட்டார். அப்புறம் தெரிந்தது, அவர் கேட்டது "வீட்லருந்தேவா? ஆன்லைன்லயா?" எனக்கு வந்தது '...ஐன்லயா' மட்டும். கறை போகுமா என்று கேட்கிறார்போல என்று எடுத்துக்கொண்டு, பெரிய அனுபவசாலி மாதிரி,

"ஊற வச்சாப் போதும் மாமா. தானா முடிஞ்சிரும்" என்றேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தப் பேச்சில் ஆர்வமில்லாத வலப்பக்கத்து மனிதர்கூடச் சிரித்தார். மாமாவுக்குப் புரையேறி யாரோ தலையில் தட்டினார்கள். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். இது ஒரு தனித் திறமை, பல வருஷப் பயிற்சி. மற்றவர்களைவிட அரை நொடி தாமதமாக ஆரம்பித்து அரை நொடி முன்னால் நிறுத்த வேண்டும். கடைசி ஆளாகச் சிரித்துக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வோம்.

சிரிப்பு அடங்கியதும், "என்ன மாமா கேட்டீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. விடு மாப்ள, சாப்பிடு."

உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை இந்த ஒண்ணுமில்ல. ஒன்றுமில்லாததற்கா இருபது பேர் சிரித்தீர்கள்? ஒன்றுமில்லாததற்கா உங்களுக்குப் புரையேறியது? ஐந்தே எழுத்துச் சமாச்சாரமாக இருந்தாலும் அதைத் திருப்பிச் சொல்ல மூன்று நொடி ஆகுமா? சொல்ல மாட்டார்கள். முதல் முறை சொல்வார்கள். இரண்டாவது முறை கத்துவார்கள். மூன்றாவது முறை ஒண்ணுமில்ல. இந்தக் கத்தலாவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. கெட்டுப்போன காதுக்கு மெல்லப் பேசினால் எட்டாது, கொஞ்சம் ஓங்கினால் மண்டைக்குள் அறையும். நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். என் சின்ன மாமியார் ஒருத்தர் "சாப்... பிட்... டீங்... களா" என்று எழுத்தெழுத்தாக, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வார். உடைத்துச் சொன்னால் இன்னும் புரியாது அத்தை. சாதாரணமாக, முகத்தைக் காட்டி, கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் போதும்.

அவர்தான் அன்றைக்கும் நாலு இலை தள்ளி இருந்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி அதைக் கேட்டார். எனக்கும் அது மட்டும் ஓர் எழுத்து விடாமல் கேட்டது. "மெஷின் மாட்டியுமா கேக்கல?"

கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறதே, மெஷின் போட்டால் ஏன் கேட்கவில்லை என்பது அவர்களின் வாதம். அத்தை, கண்ணாடி வேலை செய்வது விழித்திரை நன்றாக இருப்பதால். காதுக்குள் நத்தைக்கூடு மாதிரி ஒன்று இருக்கிறது, அதில் சுமார் 15,000 மயிரணுக்கள். அதில் 12,000 போல வெளி வரிசையில் இருக்கின்றன. சின்னச் சத்தத்தைப் பெரிதாக்குவதோடு ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் கொடுப்பதும் அவற்றின் வேலை. செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. போன சத்தத்தை மெஷின் ஏற்றிக் கொடுத்துவிடும். போன பிரிப்பை எங்கிருந்து கொடுக்கும்? காது நன்றாக இருக்கிறவர்களுக்கு இரைச்சலும் பேச்சும் சம அளவில் இருந்தாலே பேச்சு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எனக்குப் பேச்சு சில டெசிபெல் மேலே நிற்க வேண்டும். மெஷின் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது, இடைவெளி அப்படியேதான் இருக்கிறது. இதையெல்லாம் அங்கே சொன்னேனா? இல்லை. "கொஞ்சம் சத்தமா இருக்கு அத்தை" என்று சிரித்தேன்.

இந்தக் கூட்டப் பேச்சுச் சிக்கலுக்கு 1953-இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் 'காக்டெயில் பார்ட்டி' என்று பெயர் வைத்தார். பல குரலுக்கு நடுவில் ஒரு குரலை மட்டும் மனிதன் எப்படிப் பிடித்துக்கொள்கிறான் என்பது அவர் கேள்வி. பெயரைப் பாருங்கள். கையில் கிளாஸோடு நாலு பேர் நின்று பேசுகிறார்களாம், அதுதான் சிக்கலாம். அவரை இந்தப் பந்தியில் இரண்டாவது ரவுண்டு ரசத்தின்போது உட்கார வைத்திருக்க வேண்டும்.

காது சோதனை மட்டும் எங்கே வைக்கிறார்கள்? பஞ்சு வைத்த கண்ணாடி அறையில். ஃபேன்கூட ஓடாது. 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், அப்புறம் சோதிக்கிற பெண் எதிரில் உட்கார்ந்து தெளிவாக 'வீடு, பாடம், மரம்' என்பார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு. பேஷ் என்று பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தால் ஆட்டோக்காரர் என்ன கேட்கிறார் என்று தெரியாது. சோதனை அறையில் ஒரு தவில்காரரை உட்கார வைத்தால் என்ன?

மெஷின் வாங்கின இடத்தில் போய்ச் சண்டை போட்டேன். "இரைச்சல் நேரா உள்ள வருது சார்" என்று காதுக்குள் போகும் ரப்பர் முனையை ஓட்டையில்லாத பெரிய முனையாக மாற்றிக் கொடுத்தார்கள். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் காது அடைத்துக்கொண்டதில் என் சொந்தத் தாடைச் சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே இடிக்கிறது. அப்பளம் கடித்தால் ஜல்லி உடைக்கிற மாதிரி இருக்கிறது. அப்பளத்தை விட்டேன். ஒரு தமிழன் கல்யாணத்தில் அப்பளத்தைத் தொடாமல் எழுந்து வருகிறான், இதற்கு மேல் என்ன தியாகம் வேண்டும்?

உண்மையிலேயே உதவுகிற ஒன்று இருக்கிறது. பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக், பிடித்த பேச்சை நேரே என் மெஷினுக்கு அனுப்பும். தூரம் இரட்டிப்பானால் வாயிலிருந்து நேராக வரும் பேச்சு 6 டெசிபெல் விழும், மைக் வாய்க்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் அந்த வம்பே இல்லை. அதற்குத் தனிக் காசு, அதையும் வாங்கினேன். பந்தியில் உட்கார்ந்ததுமே எடுத்து மாமாவிடம் நீட்டியிருந்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நான் பேசுறத ரெக்கார்ட் பண்றியா?"

அப்போது ஏன் அப்படி முறைத்தார் என்று புரியவில்லை. காரில் ஏறியதும் இரண்டு மெஷினையும் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அந்த அமைதி இருக்கிறதே! நாலு மணி நேரம் விடுகதை போட்டுக் களைத்த மண்டைக்கு அதுதான் சாப்பாடு. உடனே என் மனைவி பேச ஆரம்பித்தார். மறுபடி மாட்டினேன்.

மாமா கேட்டது சட்டையை இல்லையாம். பட்டாவை. அப்பா பெயரில் இருக்கும் அந்த நாலு சென்ட் இடம், அதன் பட்டாவை என் பெயருக்கு மாத்தியாச்சா என்று கேட்டிருக்கிறார். அதில் அம்மா வழிப் பங்கு பற்றி அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, அதனால்தான் மைக்கைக் கண்டு பயம். நான் வீட்டுக்குப் போய் மாத்துகிறேன், ஊற வைத்தால் தானாக முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். தாலுகா ஆபீஸை நான் நக்கலடித்ததாக நினைத்து எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே நல்ல ஜோக், அது எனக்கே தெரியாது.

ஊறிக்கொண்டுதான் இருக்கிறது அது. பதினொரு மாதம்! வாரிசுச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, வில்லங்கச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, அளந்து பார்க்க வேண்டும் என்றார்கள், அளக்கிறவர் விடுப்பில், அவர் வந்தபோது நான் கட்டிய ரசீதைக் காணவில்லை. அங்கே கவுன்ட்டரில் கண்ணாடித் தடுப்பு, அதில் வளையல் அளவுக்கு ஓர் ஓட்டை, உள்ளே இருப்பவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார், தலைக்கு மேல் ஃபேன் கடகடக்கிறது, பின்னால் நாற்பது பேர். அவர் வாயைத் திறந்தால் ஒரு மெய்யெழுத்து என்னிடம் வந்து சேராது. ஆனாலும் "அடுத்த வாரம் வாங்க" என்பது மட்டும் எனக்கு ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நாளை செவ்வாய்க்கிழமை, மறுபடியும் போகிறேன். வேறு சட்டையில்தான், அந்தக் கறை போகவில்லை.