முருங்கைப் பொடி டப்பாவும் தேக்கா கீரைக்கட்டும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் முருங்கைக் கீரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கறிவேப்பிலை எல்லாம் பச்சையாகக் கிடைக்கின்றன. மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாக உண்ணும் உலாம் வகைகளும் ஈரச்சந்தைகளில் உண்டு. அவர்கள் பெகாகா என்பது நம் வல்லாரைதான். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ‘ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்கள் சிதைவதைத் தடுப்பதாகச் சொல்லப்படும் பொருள்) பல மடங்கு’ என்று அச்சடித்த முருங்கைப் பொடி டப்பாவுக்குக் கீரைக்கட்டைவிடப் பல மடங்கு விலை கொடுப்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்தக் காசு வீண். கீரையில் இருக்கும் சத்தில் கணிசமான பகுதியை நாமே தொட்டியில் ஊற்றிவிடுகிறோம் என்பது அதைவிட வருத்தம்.

முதலில் அந்த ‘பல மடங்கு’ எப்படி வருகிறது என்று பாருங்கள். டிபிபிஎச் என்ற ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விடுவார்கள். ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதுதான் கணக்கு. சோதனைக்குழாய்க்குள் அது சரியான கணக்கே. வயிற்றுக்குள் போனபின் கதை வேறு. முருங்கையில் உள்ள குவெர்செட்டின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும். அதையும் குடலும் கல்லீரலும் வேறு உருவுக்கு மாற்றிவிடும். ஓராக் என்ற இதேபோன்ற அளவீட்டின் பட்டியலை அமெரிக்க வேளாண் துறை இணையத்தில் வைத்திருந்தது. உடலில் நடப்பதற்கும் அந்த எண்களுக்கும் தொடர்பில்லை, விற்பனைக்காகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அதை நீக்கிவிட்டது. டப்பாக்களில் மட்டும் அந்த எண்கள் இன்னும் உலவுகின்றன.

அதிகம் சாப்பிட்டால் அதிக நன்மை என்பதும் தவறு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கீரை தின்று இப்படி ஆனதாகத் தெரியவில்லை. பிரித்தெடுத்து, செறிவாக்கி, நாள்தோறும் விழுங்குவதில்தான் ஆபத்து. சிங்கப்பூரில் இத்தகைய ஊட்டச்சத்து மாத்திரைகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே சோதித்துப் பார்த்து அனுமதித்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். சிவப்புத் தண்டுக்கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடிக்கும்போது பாருங்கள், தொட்டியே கருஞ்சிவப்பாகும். அந்தச் சிவப்புதான் பீட்டாசயனின், கீரையின் முக்கியமான ஆன்டிஆக்ஸிடன்ட். அது நிறமுள்ளதால் போவது தெரிகிறது. முருங்கையிலிருந்து வைட்டமின் சி-யும், ஃபீனால்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் வகைகளும் அதேபோல் போகின்றன. நிறமில்லாததால் நம் கண்ணில் படுவதில்லை.

ஆகவே முருங்கையை உருவுவதற்கு முன்பே, கொத்தாகவே கழுவுங்கள். கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, எடுத்து இரண்டு முறை அலசினால் போதும். உருவியபின் ஊறவைத்தால் காம்பு முறிந்த ஒவ்வோர் இடத்திலும் சத்து கசியும். ராத்திரி துணியில் சுற்றிவைத்தால் காலையில் இலை தானே உதிரும் என்பார்கள். வசதிதான், ஆனால் அதற்குள் இலை வாடி மஞ்சளாகிவிடும். வாட வாட வைட்டமின் சி குறையும். வாங்கிய அன்றே உருவுங்கள். நாலு பேருக்கு 100 கிராம் இலை, அரை கப் பாசிப்பருப்பு. பருப்பு முழுதாக வெந்தபின் இலையைப் போட்டு, மூடாமல் மூன்று நான்கு நிமிடம். மூடினால் இலையிலிருந்து ஆவியாகும் அமிலம் வெளியேற வழியின்றி மீண்டும் பாத்திரத்துக்குள்ளேயே விழும். பச்சை மங்கிப் பாசி நிறமாகும். தண்ணீரை வடிக்க வேண்டாம், அந்தச் சாற்றோடு பரிமாறுங்கள். கீரையில் உள்ள கரோட்டின், லூட்டின் வகைகள் எண்ணெயில்தான் கரையும் என்பதால் தாளிப்பை விட்டுவிடாதீர்கள்.

வல்லாரைத் துவையலில் வேறு சிக்கல். பச்சை இலையை மிக்ஸியில் அடித்தவுடன் இலையின் சொந்த நொதியும் காற்றும் சேர்ந்து ஃபீனால்களைக் கருக்கத் தொடங்கும். நறுக்கிய கத்தரிக்காய் கருப்பதும் இதனால்தான். இரண்டு கைப்பிடி இலையை இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் ஒரு நிமிடம் வதக்கினால் அந்த நொதி அடங்கிவிடும். தேங்காய், மிளகாய், உப்பை முதலில் அரைத்து, புளியையும் இலையையும் கடைசியாகச் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். மாலையில் துவையல் பாசி நிறமானால் கெட்டுவிட்டது என்று கொட்ட வேண்டாம். புளியின் அமிலம் பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தை வெளியேற்றிய நிறம் அது.

கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவது தெரிந்ததே. அதைப் பொடியாக்கலாம் என்றால், ‘நிழலில் உலர்த்துங்கள்’ என்று ஊர்க் காணொளிகள் சொல்வதை இங்கே அப்படியே செய்யாதீர்கள். மதுரைக் காற்று வேறு, நம் காற்று வேறு. சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். நாலு நாள் செய்தித்தாளில் பரப்பிவைத்தால் இலை காய்வதற்கு முன் பூசணம் வந்துவிடும், அடியில் இருப்பது முதலில். வெயிலில் போட்டால் வெளிச்சம் கரோட்டினை அழிக்கும். கழுவி, துணியில் ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்பி, 50 டிகிரியில் காற்றாடி ஓடும் ஓவனில் கதவை விரலளவு திறந்து வையுங்கள். கசக்கினால் இலை நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முழு இலையாகவே கண்ணாடிப் போத்தலில் போட்டு இருட்டில் வைத்து, தேவைக்கேற்பப் பொடியுங்கள். காய்ந்ததில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும், அதை எதிர்பார்க்காதீர்கள்.

மஞ்சளைப் பற்றி ஒரே எச்சரிக்கை. கால் தேக்கரண்டி மஞ்சள்தூளில் குர்க்குமின் 20 மில்லிகிராம் சொச்சம்தான். மாத்திரையில் 500, கூடவே மிளகின் பைப்பரின். பைப்பரின் சேர்ந்தால் குர்க்குமின் 20 மடங்கு அதிகமாக உடலில் சேர்கிறது என்று பெங்களூர் ஆய்வு ஒன்று 1998இல் காட்டியது. அதைத்தான் விளம்பரமாக்குகிறார்கள். இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பல நாடுகளில் பதிவுகள் உள்ளன. ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் அந்த அளவை நெருங்குவதே இல்லை, தாராளமாகப் போடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் திடீரென்று தினமும் கீரை என ஆரம்பிக்கக் கூடாது. வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையின் அளவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு மேலே சொன்னது தலைகீழ்: அவர்கள் கீரையை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று. இதே ஃபீனால்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தேயிலையில் உள்ளவை இன்னும் அதிகமாக. ரத்தசோகை உள்ள பெண்கள் முருங்கைக் கூட்டு சாப்பிட்ட கையோடு தே தாரிக் (பால் தேநீர்) குடித்தால் கீரையின் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். சோற்றில் அரை எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.