துருவின் மேல் எனாமல் அடிக்கிறவர்களுக்கு

"மேல ரெண்டு கோட் எனாமல் விழுந்தா எல்லாம் மூடிரும் அண்ணாச்சி." பெயிண்டர்கள் சொல்கிற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனாமல் என்கிற அந்தப் பளபளப்புப் பெயிண்ட் மூடும், சரி. எதை மூடும்? துருவை மூடும், ஈரத்தை மூடும், எண்ணெய்ப் பிசுக்கை மூடும். அடுத்த ஆடி பிறப்பதற்குள் உள்ளே கிடந்த அத்தனையும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அப்போது அடித்தவர் போனை எடுக்க மாட்டார். கடையில் போய்ச் சொன்னால், எந்தக் கம்பெனி என்று கேட்டுவிட்டு, அதைவிட விலை கூடின டப்பாவை எடுத்து மேஜையில் வைப்பார்கள். டப்பாவுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும், சாரல் தொடங்கும். கொட்டித் தீர்க்கிற மழை கிடையாது, பொடிசாகத் தூவிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட துணி காயாது, அப்பளம் நமத்துப்போகும், கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் நனைந்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நாங்கள் அதே ஈரத்துக்குள் குடியிருக்கிறோம். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை. இப்படி ஒரு ஊரில் இரும்பும் மரமும் பிழைத்துக் கிடப்பது மேலே இருக்கிற பூச்சை நம்பித்தான். இங்கே போய் "மூடிரும்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

ஜன்னல் கிரில்லை எடுத்துக்கொள்வோம். வெல்டிங் பட்டறையிலிருந்து வரும்போதே அது செக்கச்செவேல் என்று இருக்கும். பிரைமர், அதாவது பெயிண்டுக்குக் கீழே அடிக்கிற முதல் பூச்சு, அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், விரல் முழுக்கச் செம்பொடி ஒட்டும். ரெட் ஆக்சைடு என்கிற அந்தச் சிவப்புப் பிரைமரில் பெட்ரோலைத் தண்ணீர் மாதிரிக் கலந்து, வெல்டிங் பொட்டுகளைக்கூடத் தட்டாமல், இரும்பு வெட்டும்போது ஒட்டின எண்ணெயைக்கூடத் துடைக்காமல் அடித்த பூச்சு அது. புது இரும்பில் நீலக்கறுப்பாக ஒரு செதில் இருக்குமே, ஆலையில் காய்ச்சி உருட்டும்போதே வருவது, அது நாளாவட்டத்தில் தானே கழன்று விழும் சாதி. அதன் மேல் எந்தக் கம்பெனிப் பெயிண்டை ஏற்றினாலும் செதிலோடு சேர்ந்து அதுவும் விழும். இதைத் தெரிந்துகொண்டேதான் அடிக்கிறார்கள். அப்புறம் கொத்தனார் வருகிற வரைக்கும் கிரில் வாசலில் மழையில் கிடக்கும். ரெட் ஆக்சைடு நுண்ணிய துளைகள் உள்ள பூச்சு, தனியாக நின்று மழையைத் தாங்குவதற்கு ஆனதில்லை. கடைசியில் பெயிண்டர் வந்து ஒரு பழைய துணியால் இரண்டு தடவை தட்டிவிட்டு, கறுப்பு எனாமலைப் பூசிவிட்டுப் போவார். பளபள என்று இருக்கும். வீட்டுக்காரரும் சந்தோஷமாகக் காசைக் கொடுப்பார்.

ஒழுங்காகச் செய்தால் கம்பி பிரஷ் போட்டு, எமரி என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் இரும்பு தெரிந்ததும் பெயிண்டை இளக்குகிற டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். ராத்திரி விட்டுவிட்டால், இந்த ஊர்க் காற்றில் விடிவதற்குள் மறுபடியும் துரு பூத்துவிடும். பிரைமர் ஒரு ராத்திரி காய வேண்டும். லேசாக வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு, முதல் கோட். அது ஒரு ராத்திரி. பிறகுதான் இரண்டாவது. தேய்க்கிற வேலைக்கே பாதி நேரம் போகும், அதில் ஒரு பளபளப்பும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதைச் செய்வதில்லை.

காய்வது என்றால் என்ன என்பதைக்கூட யாரும் சொல்லித்தருவதில்லை. எண்ணெய் எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் அதிலுள்ள டர்பன்டைன் ஆவியாகும், தொட்டால் ஒட்டாத நிலை வரும். ஆனால் உள்ளே இருக்கிற பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுவதற்கு இன்னும் நேரம் வேண்டும். தொட்டுப் பார்த்துவிட்டு "காஞ்சிருச்சு" என்று அடுத்த கோட்டை அள்ளி அப்பினால், கீழ்ப்பூச்சு பச்சையாகவே மாட்டிக்கொண்டு, மேல்பூச்சு சுருங்கிச் சுருங்கித் தோல் விழும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் இரும்பில் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பது தொழில் தெரிந்தவர்கள் வைத்திருக்கிற பொது அளவு. சாரல் காலத்தில் எங்கள் ஊரில் விடியற்காலை கிரில்லைத் தொட்டால் கை நனையும். கண்ணுக்குத் தெரியாமல் படிந்த அந்தத் தண்ணீரின் மேலேதான் காலை டீ குடித்த கையோடு பிரஷை வைக்கிறார்கள். பிறகு பளபளப்பு மங்கி வெளுத்துப்போனால் "மட்டமான பெயிண்ட்" என்று கம்பெனியைத் திட்டுவது.

அடுத்தது தின்னர், பெயிண்டை இளக்கக் கலக்கிற திரவம். எண்ணெய் எனாமலில் கலக்க வேண்டியது மினரல் டர்பன்டைன். கடையில் என்ன நடக்கிறது? பழைய தண்ணீர் பாட்டிலில் ஏதோ ஒன்றை ஊற்றிக் கொடுக்கிறார்கள். கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்". ஒன்று இல்லவே இல்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் மரத்துக்கு அடிக்கிற லாக்கர் பூச்சுக்கு உண்டானது, அதைக் கலந்து பழைய எனாமல் மேல் அடித்தால் பழைய பூச்சை இளக்கித் தூக்கிவிடும். மண்ணெண்ணெய் கலந்தால் நாள்கணக்கில் பிசுபிசுப்புப் போகாது, தூசி எல்லாம் வந்து அப்பிக்கொள்ளும். இரண்டையும் என் வீட்டு முன்கூடமான தார்சாவிலேயே பார்த்துவிட்டேன். காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு எது எதற்கு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. நான் கடைசியாக வாங்கின டப்பாவில் எப்படித் தேய்ப்பது, எதைக் கலப்பது, எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. இந்தப் பக்கம் தமிழ், எல்லையிலிருக்கிற புளியரையைத் தாண்டினால் மலையாளம். கம்பெனிக்காரர்களே, இரண்டு பக்கமும் டப்பா டப்பாவாக விற்கிறீர்கள், விளம்பரத்தை மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் எடுக்கத் தெரிகிறது. பிரைமர் அடிக்கச் சொல்லி ஒரு வரி தமிழில் அச்சடிக்க மை தீர்ந்துவிடுமா?

சுவருக்கு வருகிறேன். "பாத்ரூம் சுவத்துல ஆயில் பெயிண்ட் அடிச்சா தண்ணி இறங்காது" என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தண்ணீர் உள்ளிருந்து, அஸ்திவாரத்திலிருந்து ஏறி வருகிறபோது எனாமல் என்ன செய்யும்? வெளியே போகிற வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தேங்கி, பெயிண்டை அப்பளமாக உப்பவைத்து உதிர்க்கும். புதுப் பூச்சுச் சுவராக இருந்தால் இன்னும் மோசம், சிமெண்டிலுள்ள காரம் எனாமலின் எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகரத்திலும் அதே கதைதான். துத்தநாகத்தின் மேல் நேரடியாக எனாமல் பூசினால் இடையில் சோப்பு உண்டாகி, தாள் தாளாக உரிந்துவரும். தகரத்துக்கு எட்ச் பிரைமர் என்று ஒன்று தனியாக இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரில் கரைகிற எனாமல் இப்போது நிறைய வருகிறது. நல்ல சரக்குதான், நாற்றம் குறைவு, வெள்ளை மஞ்சளடிக்காது. எண்ணெய் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத அலமாரிக்குள் மஞ்சளாகிவிடும். ஆனால் பளபளப்பான பழைய எண்ணெய்ப் பூச்சின் மேல் தேய்க்காமல் இதை அடித்தால் நகத்தால் கீறி உரிக்கலாம். பிரைமர் இல்லாத இரும்பில் அடித்தால் ஈரம் பட்டவுடனே துரு கிளம்பும். இதையும் யாரும் சொல்வதில்லை, "புது டைப் அண்ணாச்சி, நேரா அடிக்கலாம்" என்று விற்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கோபம் வருவது பழைய பெயிண்டைச் சுரண்டுகிற விதத்தைப் பார்த்தால்தான். செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கும் முன்னால் கட்டின வீடுகள் இங்கே இன்னும் நிற்கின்றன. தேக்குக் கதவு, மர அழி, அதன் மேல் தலைமுறை தலைமுறையாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று அடுக்கடுக்காகப் பெயிண்ட். அந்தக் காலத்துப் பளிச்சென்ற மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் ஈயம் கலந்த நிறப்பொடி போடுவது வழக்கமாக இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதே 2016இல்தான், அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன்னால் அடித்த எந்தப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். அதை மெஷின் வைத்து, மூக்கில் துணிகூடக் கட்டாமல், குழந்தை தவழ்கிற தார்சாவில் உலரவே தேய்த்துப் பறக்கவிடுகிறார்கள். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தூள் பறக்காது. தேய்த்த சேற்றை ஈரத்துணியால் வழித்துக் கட்டி எடுத்துவிடலாம். ஒரு வாளித் தண்ணீருக்கும் கொஞ்சம் பொறுமைக்கும் இந்த ஊரில் பஞ்சம் வந்துவிட்டதா?

பெயிண்டர்களை மட்டும் குறை சொன்னால் அது அநியாயம். மொத்தமாக இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி, அதிலும் அடித்துக் குறைத்து, "ரெண்டு நாள்ல முடிச்சுக் குடுத்துரணும்" என்று நெருக்குகிற வீட்டுக்காரர்கள்தான் சுரண்டுகிற வேலையை முதலில் கொல்கிறார்கள். அந்தக் காசுக்கு அவர் எங்கிருந்து தேய்ப்பார், எப்படிக் காயவிடுவார்? அதோடு பெயிண்டருக்குக் காசாக மாறுகிற டோக்கனை டப்பாவுக்குள் வைத்து, எந்தப் பெயிண்டை வாங்கச் சொல்ல வேண்டும் என்பதையும் கம்பெனிகள் அவர் கையில் கொடுத்துவிடுகின்றன. கூலி ஒழுங்காகக் கிடைத்தால் அவர் ஏன் டோக்கனைத் தேட வேண்டும்? என் வீட்டு வேலைக்குச் சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் தனிக் கூலி, அடிப்பதற்குத் தனிக் கூலி என்று பிரித்துத்தான் இப்போது பேசுகிறேன். பெயிண்ட், பிரைமர், டர்பன்டைன் எல்லாம் நானே வாங்கி வைத்துவிடுகிறேன். டோக்கன் இருந்தால் அதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். வேலை மாசி, பங்குனியில்தான். சாரலில் யார் வந்து கூப்பிட்டாலும் பிரஷ் உள்ளே வராது.

பாத்ரூம் மரக்கதவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்னாலும் பின்னாலும் மழமழவென்று இரண்டு கோட் அடித்திருப்பார்கள். கீழ் விளிம்பில் ஒரு சொட்டுப் பெயிண்ட் இருக்காது. நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், பெயிண்ட் படாத வெறும் மரம் தெரியும். மரத்தின் நரம்பு வெட்டுப்பட்ட முனைகள் அங்கேதான் இருக்கின்றன, தண்ணீரை உறிஞ்சுவதும் அந்த முனைகள் வழியாகத்தான். கதவு அடியிலிருந்தே உளுத்துப்போவதற்கு இதுதான் காரணம். மேலே அடித்த இரண்டு கோட், உறிஞ்சின தண்ணீரை வெளியே விடாமல் அழுகலுக்குத் துணை போகிறது. கீல் ஆணியைக் கழற்றிக் கதவைச் சாய்த்து வைத்தால் அந்த விளிம்புக்குப் பிரைமரும் எனாமலும் அடிக்கக் கால் மணி நேரம் ஆகாது. அடுத்த தடவை ஆள் விடும்போது கதவைக் கழற்றி அடிக்க வேண்டும் என்பதைக் கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். திரும்ப மாட்டுவதற்கு முன்னால் அந்தக் கீழ் விளிம்பை நீங்களே குனிந்து பாருங்கள்.