கொலைகாரன் யார், ரிமோட் எங்கே?

(லண்டன், ஹாரோ. மே மாதத்துச் சனிக்கிழமை, மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்குச் சென்னை மேட்ச். கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கும் மாமனார் சோபாவின் நட்டநடுவில். டிவியில், பழைய படங்களே போடும் ஒரு சேனலில், பிரிட்டிஷ் துப்பறியும் படம். ரிமோட் அவர் வேட்டி மடிப்பில்.)

மாப்பிள்ளை: மாமா, அந்த ரிமோட் கொஞ்சம்…

மாமனார்: இருங்கள் மாப்பிள்ளை, இன்னும் கொலைகாரனைப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை: 1956-இல் எடுத்த படம் மாமா. இந்நேரம் அவனே வயதாகிப் போய்ச் சேர்ந்திருப்பான்.

மாமனார்: உஷ்! போலீஸ் வருகிறது. மணி கேட்கிறதா?

மாப்பிள்ளை: குல்ஃபி வண்டி மாதிரி இருக்கிறது.

மாமனார்: எனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது, சட்டைப் பையில் சில்லறைகூடத் தேடினேன். அந்தக் காலத்தில் இங்கே போலீஸ் காருக்குச் சைரன் கிடையாது, மணிதான். திருடனுக்கு இரண்டு தெரு முன்னாலேயே தகவல் போய்விடும். எவ்வளவு மரியாதை பாருங்கள்! பெரிய கறுப்பு ஆஸ்டின் காரில் வந்து…

மாப்பிள்ளை: ஆஸ்டின் இல்லை, வுல்ஸ்லி கார்.

மாமனார்: என்ன?

மாப்பிள்ளை: ஒன்றுமில்லை மாமா. ஆபீசில் யாரோ சொன்னார்கள். (கொட்டாவி விடுகிறார்.)

மாமனார்: கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது?

மாப்பிள்ளை: ராத்திரி இரண்டு மணி வரை அமெரிக்கா கால். சரி, இது எப்போது முடியும்?

மாமனார்: ஒரு மணி நேரப் படம்தான். பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டுவதற்கென்றே எடுத்தது. கச்சேரியில் வர்ணம் மாதிரி.

மாப்பிள்ளை: வர்ணமே இந்த இழுப்பு இழுக்கிறதே!

மாமனார்: இது பரவாயில்லை. முப்பதுகளில் எடுத்ததை நீங்கள் பார்க்க வேண்டும். எங்கே பார்த்தாலும் அமெரிக்கப் படம் ஓடுகிறது என்று 1927-இல் ஒரு சட்டம் போட்டார்கள். இத்தனை பங்கு பிரிட்டிஷ் படம் காட்டியே ஆக வேண்டும். உடனே அமெரிக்கக் கம்பெனிக்காரனே இங்கே ஆள் பிடித்து, சட்டத்துக்காக ஒப்புக்கு மலிவுப் படம் எடுக்கச் சொன்னான். கூலி என்ன தெரியுமா? ஃபிலிம் அடிக்கு ஒரு பவுண்டு.

மாப்பிள்ளை: மல்லிகைப்பூ மாதிரி முழம் போட்டா?

மாமனார்: அதேதான். அதனால்தானோ என்னவோ, கதாநாயகன் கதவைத் திறப்பான், தொப்பியைக் கழற்றுவான், கையுறையை ஒவ்வொரு விரலாக உருவுவான், ஜன்னலைப் பார்ப்பான். ஒரு நிமிஷம். தொண்ணூறு அடி. தொண்ணூறு பவுண்டு! ஆனால் மைக்கேல் பவல் மாதிரி பெரிய இயக்குநரெல்லாம் தொழில் பழகியது அதில்தான்.

மாப்பிள்ளை: இதெல்லாம் இருக்கட்டும். நேற்றுக் கடையில் என்ன சொன்னீர்கள்? கடைக்காரர் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்.

மாமனார்: பால் ஒரு பவுண்டு இருபது பென்ஸ் என்றார். இருபத்து நாலு ஷில்லிங்கா, பகல் கொள்ளை என்றேன்.

மாப்பிள்ளை: அவர் குடும்பம் கென்யாவிலிருந்து வந்த குஜராத்திகள் மாமா. நீங்கள் கென்யா ஷில்லிங்கை நீட்டப் போகிறீர்கள் என்று பயந்துவிட்டார். இங்கே ஷில்லிங் கணக்கு 1971-லேயே போய்விட்டது.

மாமனார்: வேடிக்கையே அதுதான். நாம் அணாவை விட்டு நயா பைசாவுக்கு 1957-லேயே வந்துவிட்டோம். நமக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் இன்னும் பதினாலு வருஷம், பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தான்!

மாப்பிள்ளை: மாமா, மணி மூன்றாகப் போகிறது.

மாமனார்: அலெக் கின்னஸ் தெரியுமா? 1949-இல் ஈலிங் ஸ்டூடியோ எடுத்த ஒரே படத்தில் எட்டு வேடம். அதில் ஒன்று பெண் வேடம். பலூனில் ஏறிப் பறப்பாள், ஒருவன் அம்பு விட்டு இறக்கிவிடுவான்.

மாப்பிள்ளை: நம் சிவாஜி ‘நவராத்திரி’யில் ஒன்பது.

மாமனார்: 1964. நானும் அதைச் சொல்லித்தான் தொடையைத் தட்டினேன். உங்கள் மாமியார் அடுக்களையிலிருந்தே “கமல் பத்து” என்று சொல்லி ஏலத்தை முடித்துவிட்டாள். அவளுக்கு இந்தச் சேனலில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். படத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வருகிறதே, ‘அந்தக் காலத்துப் பேச்சும் எண்ணமும் இருக்கும், சிலர் மனம் புண்படலாம்’ என்று? “நீங்கள் வாயைத் திறக்கும் முன்னால் யாராவது இதைப் போட்டால் எனக்கு எவ்வளவு உதவி” என்கிறாள்.

மாப்பிள்ளை: (கடிகாரத்தைக் காட்டி) மாமா, டாஸே போட்டிருப்பார்கள்.

மாமனார்: இந்த டாக்கிங் பிக்சர்ஸ் டிவியை யார் நடத்துகிறார்கள் தெரியுமா? நோயல் க்ரோனின் என்று ஒருவரும் அவர் மகளும் 2015-இல் ஆரம்பித்தது. மாடமாளிகை எதுவும் இல்லை. இதோ, பக்கத்து ஹெர்ட்ஃபர்ட்ஷயரில், வீட்டிலிருந்தே. யாரும் சீண்டாத பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் போடுகிறார்கள். கூடமாட நிற்பது யார் சொல்லுங்கள்?

மாப்பிள்ளை: யார்?

மாமனார்: மாப்பிள்ளை! மாமனார் பழைய படம் போடுகிறார், மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறார், ஒரு சேனலே நடக்கிறது. இங்கே ஒரு ரிமோட்டுக்கு…

மாப்பிள்ளை: ஐயோ மாமா, இதில் என்ன பெரிய மர்மம்? டாக்டர்தான் கொலைகாரன். உயில் பியானோவுக்குள் இருக்கிறது. கொடுங்கள் இப்படி.

மாமனார்: டாக்டரா? அவர் பாவம், எல்லோருக்கும் காசு வாங்காமல் ஊசி போட்டுக்கொண்டு…

(திரையில் இன்ஸ்பெக்டர் பியானோ மூடியைத் திறக்கிறார். உள்ளே உயில். மாமனார் மெல்லத் திரும்புகிறார்.)

மாமனார்: மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: மாமா.

மாமனார்: நேற்று ராத்திரி இதே படத்தைப் போட்டானா?

மாப்பிள்ளை: மெதுவாக, மாமா…

மாமனார்: அமெரிக்கா கால்! வுல்ஸ்லி! பாவம் என் பெண், “அவருக்கு வேலைப்பளு அப்பா” என்று காலையில் பூஸ்ட் வேறு போட்டுக் கொடுத்தாள். (மாடிப்படியைப் பார்த்து) அம்மா கீதா…

மாப்பிள்ளை: மாமா, மாமா! அடுத்த படம் எத்தனை மணிக்கு?

மாமனார்: மூன்று ஐந்துக்கு. அடிக்கு ஒரு பவுண்டு வகை. கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.