கட்டைவிரல் துடித்ததா?

டி.எம்.எஸ். என்றால் தமிழ்க் காதுக்கு சௌந்தரராஜன்தான். மனநல மருத்துவமனைப் பலகையில் அதே மூன்றெழுத்தைப் பார்க்கிறவர்கள் விவரம் கேட்டால், “காந்த சிகிச்சை” என்று பதில் வரும். டிரான்ஸ்க்ரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன் என்பதன் சுருக்கம் அது, மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவது. ‘காந்த சிகிச்சை’ என்ற பெயரிலும் வில்லங்கம் இருக்கிறது. காந்த வளையல், காந்த மெத்தை விற்கிறவர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், “மூளைக்குக் கரண்ட் வைக்கிறாங்களாம்” என்று பயந்து ஓடுகிறவர்கள். இரண்டுமே தவறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் விலகாத மனச்சோர்வுக்கு இந்தச் சிகிச்சையை இப்போது யோசிப்பதைவிடச் சீக்கிரமே யோசிக்க வேண்டும். ஆனால் இயந்திரம் நிற்கிற இடத்திலெல்லாம் சிகிச்சையும் நடக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

அசையாத காந்தம் மூளை செல்லைத் துடிக்கவைக்காது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தப்புலம் பொதுவாக 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு). அதற்குள் தலையை வைத்து அரை மணி நேரம் படுத்தாலும் கைவிரல் துடிப்பதில்லை. மனச்சோர்வுக்காகத் தலைமேல் வைக்கும் காயிலின், அதாவது கம்பிச்சுருளின், பலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்துக்குள் ஏறி இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்திலுள்ள கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831இல் காட்டினாரே, அதே விதிதான். இங்கே கடத்தி, நம் மூளையின் மேற்பரப்பு. மண்டையோடு காந்தப்புலத்தைத் தடுப்பதில்லை. அதனால் கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், வலிப்பு வரவழைக்கவும் தேவையில்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு, தலைமேல் காயிலை வைத்துக் கையைத் துடிக்கவைத்தது. பத்தாண்டு கழித்து அமெரிக்காவில் மார்க் ஜார்ஜ் குழு அதையே மனச்சோர்வுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தது. 2008 அக்டோபரில் அந்நாட்டு மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது.

குறி வைக்கும் இடம் இடது நெற்றிக்குச் சற்று மேலே, மூளையின் முன்பகுதி. ஆழம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான். மனநிலையோடு தொடர்புள்ள ஆழமான பகுதிகளைக் காயில் நேரடியாகத் தொடாது. மேலே தட்டினால் கீழே எதிரொலிக்கும் என்ற நரம்பு இணைப்பை நம்பித்தான் இந்த வேலை. ஆகவே எங்கே தட்டுகிறோம், எவ்வளவு பலமாகத் தட்டுகிறோம் என்ற இரண்டிலும் பிசகினால் மீதி எல்லாம் வீண்.

முதலில் பலம். இதற்குத்தான் தலைப்பிலுள்ள கட்டைவிரல். முதல் நாள் காயிலை இடது பக்கம், கை அசைவுக்கான பகுதிமேல் வைத்து ஒற்றைக் காந்தத் துடிப்பாகக் கொடுப்பார்கள். வலது கைக் கட்டைவிரல் துடிக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, பிறகு பலத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். பத்து முறை கொடுத்தால் ஐந்து முறையாவது துடிக்கிற மிகக் குறைந்த அளவுதான் உங்கள் ‘மோட்டார் த்ரெஷோல்ட்’. சிகிச்சை பெரும்பாலும் அதில் 120 சதவீதத்தில் நடக்கும். உங்கள் எண் இயந்திரத்தின் திறனில் 50 சதவீதம் என்றால் 60இல் ஓடவேண்டும். 85 வந்தால் 102 வேண்டும், இயந்திரத்தால் அது முடியாது. அப்போது இடத்தைச் சரியாகப் பிடித்தார்களா, காயில் தலையில் ஒட்டியிருந்ததா, அளவைக் கூட்டுகிற மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று மறுபடி தேடவேண்டும். இந்த அளவே எடுக்காமல் எல்லோருக்கும் ஒரே எண்ணை வைத்து ஓட்டினால் அது எல்லோருக்கும் ஒரே பவரில் கண்ணாடி கொடுப்பது மாதிரி. சிலருக்குப் பலன் போதாது, சிலருக்கு வலிப்பு ஆபத்து.

அளவை ஒருமுறை எடுத்தால் போதாது. தூக்கம், மருந்து, மது எல்லாம் அதை நகர்த்தும். வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது, மாத்திரை மாறினால் கட்டாயம். வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. மூளை சற்றுச் சுருங்கி, முன்பகுதிக்கும் மண்டைத்தோலுக்கும் இடைவெளி கூடியிருக்கும். விரல் துடித்த பலம் நெற்றிப் பக்கம் போதாமல் போகலாம்.

அடுத்தது இடம். விரல் துடித்த புள்ளியிலிருந்து 5 செ.மீ. முன்னால் போ என்பது பழைய விதி. மண்டை எல்லோருக்கும் ஒரே அளவா என்ன? 2001இல் ஜெர்மனியில் 22 பேரை எம்.ஆர்.ஐ. வைத்துச் சோதித்தபோது 7 பேருக்குத்தான் அந்த விதி குறிவைத்த இடத்தில் கொண்டுபோய் விட்டது. மற்றவர்களுக்குக் காயில் பின்தங்கி, அசைவுக்கான பகுதியை ஒட்டியே நின்றது. இதற்குச் செலவில்லாத மாற்று 2009 முதலே இருக்கிறது. ‘பீம் எஃப்3’ என்பார்கள். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடுவரை, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுவரை, பிறகு தலைச் சுற்றளவு என்று டேப்பால் மூன்று அளவு எடுத்துக் கணினியில் போட்டால் புள்ளி வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. “எப்படி இடம் பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். “ஐந்து சென்டிமீட்டர்” என்று பதில் வந்தால் ஏன் என்று அடுத்த கேள்வி கேளுங்கள்.

மறுகோடியில் “உங்கள் மூளையையே வரைபடம் எடுத்து” என்று ஆரம்பித்துத் தனி பில் போடுவது. பிரிட்டனில் 255 பேரிடம் நடந்து 2024இல் வெளியான பிரைட்மைண்ட் ஆய்வில், மூளை இணைப்புகளை எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக் குறிவைத்ததும், சாதாரண எம்.ஆர்.ஐ.யை வைத்துக் குறிவைத்ததும் கிட்டத்தட்ட ஒரே பலனைத்தான் தந்தன. டேப்பைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த டெக்னீஷியன் போதும் என்பேன்.

ஒரு சிட்டிங்கில் என்ன நடக்கும்? பழைய முறையில் விநாடிக்கு 10 துடிப்பு. 4 விநாடி ஓடி 26 விநாடி நிற்கும். அப்படி 75 சுற்று, மொத்தம் 3,000 துடிப்பு, 37 நிமிடம் 30 விநாடி. ஓய்வை 11 விநாடியாகக் குறைத்தால் 19 நிமிடத்துக்குள் முடியும். தீட்டா பர்ஸ்ட் என்ற புதிய முறையில் 600 துடிப்பு, மூன்று நிமிடம்தான். மூன்று நிமிடமா, ஏமாற்றுகிறார்களா என்று சந்தேகம் வருவது நியாயம். ஆனால் 2018இல் கனடாவில் 414 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டதில், மூன்று நிமிடம் 37 நிமிடத்துக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆகவே நேரத்தை வைத்துக் கட்டணத்தை நியாயப்படுத்தாதீர்கள், குறைவாகக் கொடுத்தார்கள் என்றும் சண்டை போடாதீர்கள். பதற்றமும் சேர்ந்தவர்களுக்கு, வலது பக்கம் விநாடிக்கு ஒன்று என்ற மெதுவான முறையும் உண்டு. அதில் வலிப்பு ஆபத்து இன்னும் குறைவு.

வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், 30 சிட்டிங். பிறகு மூன்று வாரத்தில் ஆறு சிட்டிங்காகக் குறைத்து முடிப்பது வழக்கமான திட்டம். குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். வெளியூரிலிருந்து வந்து தங்கி, பத்து நாளில் லீவு தீர்ந்து திரும்பிவிடுவார்கள். பலருக்கு மூன்றாவது வாரத்தில்தான் மாற்றமே தெரியத் தொடங்கும். அதுவும் நோயாளிக்கு முன்னால் வீட்டாருக்குத் தெரியும். குளிக்கச் சொல்லாமலே குளிப்பார், தட்டில் சோறு மிச்சமிருக்காது. “எனக்கு ஒண்ணும் மாறல” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். போக முடியாது என்று முதலிலேயே தெரிந்தால் பாதியில் விடுவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல்.

கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். தாலிச் சரட்டில் கோத்திருக்கும் ஊக்கை மறந்துவிடாதீர்கள். கொண்டை போட்டால் தலை நாற்காலியில் பதியாது. காயில் சில மில்லிமீட்டர் விலகினாலும் பலம் சட்டென்று விழும், நோயாளி கழுத்தைத் திருப்பினாலும் அப்படித்தான். டெக்னீஷியன் காயிலைப் பொருத்திவிட்டு வெளியே போய் போன் பார்க்கும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். காதுக்கு அடைப்பான் கட்டாயம். மரங்கொத்தி தலையில் கொத்துவது போன்ற சத்தம், காயில் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டும். முதல் சில நாள் கண் இமையோ தாடையோ சேர்ந்து துடிப்பதும், தோலில் சுருக்கென்பதும், தலைவலியும் சகஜம். காயிலின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, முதல் வாரம் 80, 90 சதவீதத்தில் தொடங்கி ஏற்றினால் பெரும்பாலோர் பழகிவிடுவார்கள். பல் அடைப்பு பிரச்சினை இல்லை. காது கேட்க உள்ளே பொருத்திய காக்ளியர் கருவி, தலைக்குள் இரும்புத் தன்மையுள்ள க்ளிப், மூளைக்குள் மின்முனை இருந்தால் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வலிப்பு வருமா? ஆயிரம் நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவராக ஆகக்கூடியவர் யார் என்பதும் ஓரளவு தெரியும். முந்தின இரவு தூங்காதவர், தினக் குடியைத் திடீரென நிறுத்தியவர், க்ளோசபின், ப்யூப்ரோபியான் போன்ற மருந்து எடுப்பவர், முன்பே வலிப்பு வந்தவர். அதனால் ஒவ்வொரு நாளும் இயந்திரத்தை ஆன் செய்வதற்குமுன் “நேற்று எவ்வளவு தூங்கினீங்க, குடிச்சீங்களா, மாத்திரை மாறிச்சா?” என்று கேட்கவேண்டும். கேட்காத இடத்தில் நீங்களாகவே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் சொல்வதில்லை. நம் ஊரில் மனச்சோர்வு நோயாளியின் சீட்டில் க்ளோனசிபாம், அல்ப்ராசோலம் இல்லாமலிருப்பது அபூர்வம். இந்த வகைத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி.எம்.எஸ். பலன் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள், திடீர் நிறுத்தமே வலிப்புக்கு வழி. சிகிச்சை தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே டாக்டரோடு உட்கார்ந்து மெல்லக் குறைக்கவேண்டும்.

பலன் எவ்வளவு? விளம்பரத்தில் வரும் எண்ணுக்கும் ஆய்வுக்கும் இடைவெளி உண்டு. 2010இல் 190 பேரிடம், மாத்திரையே இல்லாமல், மூளையைத் தூண்டாத போலிக் காயிலோடு ஒப்பிட்டபோது முழுதாகத் தேறியவர்கள் 14 சதவீதம். போலிக் காயிலில் 5. நிஜக் கிளினிக்குகளில், மாத்திரையும் தொடர்ந்த 307 பேரைப் பார்த்த 2012 ஆய்வில் அது 37. பின்னதில் போலிக் காயில் கிடையாது, நம்பிக்கையின் பங்கும் அதற்குள் இருக்கிறது. எனக்கு அதிகம் பயன்படுவது நெதர்லாந்தில் 89 பேரிடம் நடந்து 2024இல் வந்த ஆய்வு. ஏற்கெனவே மாத்திரைகள் கைகொடுக்காதவர்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு டி.எம்.எஸ்., மறுபாதிக்கு இன்னொரு மாத்திரை. தேறியவர்கள் 27 சதவீதம், 5 சதவீதம். “அடுத்த மாத்திரையை முயற்சி பண்ணலாம்” என்று மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது சீட்டு எழுதும் பழக்கத்தின் மீதுதான் என் கோபம். அதே சமயம் அந்த 27ஐப் புரட்டிப் பார்த்தால், நூற்றில் 73 பேர் முழுதாகத் தேறவில்லை.

ஆனால் “மாத்திரை கேட்கவில்லை” என்பதை முதலில் சோதிக்கவேண்டும். சரியான அளவில், ஆறிலிருந்து எட்டு வாரம், விடாமல் சாப்பிட்டிருந்தால்தான் அது ஒரு முயற்சி. இரண்டு வாரம் சாப்பிட்டு வாய் கசக்கிறது என்று விட்டது கணக்கில் வராது. தைராய்டு, ரத்தசோகை பார்த்தார்களா? எப்போதாவது தூக்கமே இல்லாமல் அதீத உற்சாகமாக இருந்த நாட்கள் உண்டா? இருந்தால் அது பைபோலாராக இருக்கலாம். அதற்கு மருந்தும் வேறு, டி.எம்.எஸ். அந்த அதீத உற்சாகத்தின் பக்கம் தள்ளிவிடும் ஆபத்தும் உண்டு.

ஷாக் சிகிச்சை எனப்படும் இ.சி.டி.யை இதனோடு குழப்பவும் வேண்டாம், அதைக் கேவலமாகப் பார்க்கவும் வேண்டாம். சாப்பிட மறுத்து உடம்பு ஒடுங்குகிறவர், பேச்சு அசைவின்றி உறைந்துபோனவர், காதில் குரல் கேட்கிறவர், உயிரை விடும் எண்ணம் கணத்துக்குக் கணம் ஏறுகிறவர் ஆகியோருக்கு ஆறு வாரம் காத்திருக்கும் டி.எம்.எஸ். உதவாது. இ.சி.டி.தான் வேகமானது, வலுவானது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் அதைக் கொடுக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சினிமாவில் பார்த்த காட்சியை மறந்துவிடுங்கள். இதைப் படிக்கும்போதே உயிரை விடும் எண்ணம் மனதில் ஓடினால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ், தமிழிலேயே பேசலாம்.

“ஐந்தே நாளில் ஸ்டான்ஃபோர்டு முறை” என்ற விளம்பரமும் இப்போது வருகிறது. அசல் முறை என்ன? ஒரு நாளைக்கு 10 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 1,800 துடிப்பு, நடுவில் 50 நிமிட இடைவெளி, ஐந்து நாளில் 90,000 துடிப்பு, ஒவ்வொருவருக்கும் எம்.ஆர்.ஐ.யில் தனிக் குறி. 2022இல் அதன் போலிக் காயில் ஒப்பீடு 29 பேரிடம் நடந்தது. பலன் அசத்தலாகவே வந்தது, ஆனால் 29 பேர்தான். நாளுக்கு மூன்று முறை 600 துடிப்பு கொடுத்துவிட்டு அந்தப் பெயரை ஒட்டுவது வியாபாரம்.

பணத்துக்கு வருவோம். உடல் நோய்க்குச் சமமாக மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் டி.எம்.எஸ். எழுந்து வீட்டுக்குப் போகும் சிகிச்சை, பாலிசி 24 மணி நேரப் படுக்கையைக் கேட்கும். காப்பீட்டு ஒழுங்காணையம் 2019இல் வெளியிட்ட நவீன சிகிச்சைப் பட்டியலில் மண்டையைத் துளைத்து மின்முனை வைக்கும் ஆழ்மூளைத் தூண்டல் இருக்கிறது, துளைக்காத இது இல்லை. முதல் சிட்டிங்குக்கு முன்பே எழுத்தில் கேட்டு, மறுத்தால் காரணத்தையும் எழுத்திலேயே வாங்குங்கள். பின்னால் முறையிட அது வேண்டும்.

தொடங்கும் நாளில் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பி.எச்.க்யூ-9இன் எண்ணைக் குறித்து, வாரம் ஒருமுறை அதையே போடச் சொல்லுங்கள். 27க்கு எத்தனை என்பது கணக்கு. பாதியாகக் குறைந்தால் பலன், 5க்குக் கீழே வந்தால் தேறினார். 20 சிட்டிங் கழித்தும் அசையவில்லை என்றால் காயில் இடம், அளவு, மாத்திரை மூன்றையும் திரும்பப் பார்க்காமல் மீதிப் பத்தை ஓட்டக் கூடாது. தேறிய பிறகு மாத்திரையை உடனே நிறுத்தாதீர்கள். ஓராண்டு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பலன் கண்டவர்களில் 62.5 சதவீதம் பேருக்கு அது நிலைத்தது. மீதிப் பேருக்கு மீண்டும் வந்தது, பலருக்கு மறுபடி கொடுத்தபோது கேட்டது. அதனால் முடிக்கிற நாளில் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள். மோட்டார் த்ரெஷோல்ட் எத்தனை, எந்தப் பக்கம், இடம் எப்படிப் பார்த்தார்கள், எந்தக் காயில், எத்தனை துடிப்பு, எத்தனை சிட்டிங். வேறு ஊரில் வேறு டாக்டரிடம் உட்காரும்போது, “தலையில ஏதோ டக்டக்குனு வெச்சாங்க” என்பதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.