அந்தப் பட்டனை விடுங்கள், 32 வரை எண்ணத் தெரியுமா?

சனிக்கிழமை இரவு திருகோணமலை உப்புவெளியில் எங்கட பொடியன் ஒருவன் டீஜேயாக இரண்டு பாட்டைக் கலக்கும்போது பிழைவிட்டதைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த 40 செக்கன் வீடியோவை இன்று காலை நான்காவது ஆளும் அனுப்பி, கீழே சிரிப்பு முகம் வேறு போட்டிருக்கிறார். "சிங்க் பட்டன் அமத்துறவனெல்லாம் டீஜே" என்று ஒருவர் எழுத, ஊரே கைதட்டுகிறது. சிங்க் என்பது இரண்டு பாட்டின் வேகத்தையும் தானாகவே பொருத்திவிடும் பட்டன். சரி, எழுதிவிடுகிறேன்.

வீடியோவைச் சிரிக்காமல் ஒருதரம் கேளுங்கள். இரண்டு பாட்டின் கிக்கும், அந்த டிரம் அடி, ஒன்றாகத்தான் விழுகிறது, வேகம் வடிவாகப் பொருந்தியிருக்கிறது. பிழைத்தது அதுவல்ல. முதல் பாட்டில் அந்தப் பெண் இன்னும் பாடிக்கொண்டிருக்க, அடுத்த பாட்டை ஏதோ ஒரு நடு இடத்தில் உள்ளே விட்டுவிட்டான், இரண்டு பாட்டின் பேஸும், அந்தக் கனத்த கீழ் ஒலி, முழுசாகத் திறந்து கிடக்கிறது, அதனால்தான் அந்தக் குழப்பம். சிங்க் வேகத்தைச் சேர்த்துத் தரும், பாட்டில் எந்த இடத்தில் நுழைவது என்பதை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது பொடியனுக்குக் காது இல்லை என்று சிரித்த பெரியவர்கள் ஒருவருக்கும் பிழை எங்கே என்று கேட்கவில்லை!

எண்ண வேண்டும். ஹவுஸ் என்கிற இந்த நடன இசையை வாசிக்கப் பழகுகிறவனுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். ஒரு பாருக்கு நான்கு அடி, எட்டுப் பார் சேர்ந்தால் 32. பெரும்பாலான ஹவுஸ் பாட்டுகளில் ஏதாவது மாறுவது அந்த 32 முடிகிற இடத்தில்தான்: ஒரு கிளாப் சேரும், பேஸ் வந்து விழும், இல்லாவிட்டால் எல்லாம் அடங்கும். நிமிடத்துக்கு 124 அடி வேகத்தில் அது 15 செக்கனுக்குக் கொஞ்சம் மேல். பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளமாக விட்டிருப்பதே நாங்கள் ஏறி இறங்கத்தான். பழைய பாட்டு இறங்கத் தொடங்குகிற "ஒன்று" எதுவோ, அதே அடியில் புதியதன் "ஒன்று". புதியதன் பேஸைப் பூட்டியே உள்ளே விட வேண்டும், அடுத்த 32 தொடங்கும்போது இதைத் திறந்து அதைப் பூட்ட வேண்டும். இதற்கு எனக்கு ஒரு வருடம் போனது.

என் முதல் இரவு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில். சவுண்ட் செட் கொண்டுவந்த ஐயாவுக்கு அறுபது வயது இருக்கும், கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் தவிர வேறெதற்கும் பெட்டி அடுக்காத மனிதர். நான் இரண்டு பேஸையும் திறந்துவிட்டு, மிக்சரில் சிவப்பு லைட் அணையாமல் எரிய, பெரிய ஆள் மாதிரி நிற்கிறேன். ஸ்பீக்கர் மேல் அவர் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பை நடுங்கி நடுங்கி விளிம்புக்கே வந்துவிட்டது. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், ஒரு பாட்டின் பேஸ் நொப்பை இடப்பக்கம் கடைசிவரை திருகிவிட்டு, "தம்பி, ஒரு கதிரையில ரெண்டு பேர் இருக்கேலாது" என்றார். சிரிக்கவில்லை. ஃபோனை எடுக்கவுமில்லை.

"காதால் பீட் பொருத்தத் தெரியாதவனுக்கு என்ன டீஜே வேலை" என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. 124இலும் 125இலும் ஓடும் இரண்டு பாட்டு ஒரு நிமிடத்தில் ஒரு முழு அடி விலகிப்போகும், ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிக்கிற மாதிரிக் கேட்கத் தொடங்கும், அந்த விலகலைப் பிடிக்கக் காது பழகத்தான் வேண்டும். நானும் தினம் அரை மணித்தியாலம் சிங்கை நிறுத்தி, திரையில் வேகம் காட்டும் இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் பழகுகிறேன். ஆனால் அது வீட்டில். "டெக்னிக்ஸ் தட்டில் பழகின காலத்தில" என்று தொடங்கும் அண்ணன்மாரே, அந்த இசைத்தட்டு மெஷின் நம் ஊரில் யார் வீட்டில் இருந்தது, சொல்லுங்கள், வந்து தொட்டுக் கும்பிடுகிறேன்.

"இது எங்கட கலாசாரமில்லை" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. சிக்காகோவில் 1977இல் திறந்த வெயார்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்தார், அந்த இடத்தின் பெயர்தான் இந்த இசைக்கு ஒட்டிக்கொண்டது. அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள். அவர்களையும் ஊர் சிரித்துத்தான் பார்த்தது. கொழும்பில் இருந்து ஒருவர் வந்து இதையே வாசித்தால் மட்டும் யாருக்கும் கலாசாரம் ஞாபகம் வராது. அவருக்குக் காசு, அறை, முன்னால் கூட்டம். எங்கட பொடியனுக்கு ஆட்கள் வரும்முன் வெறும் மேசைகளுக்கு வாசிக்க ஒரு மணித்தியாலம், பிறகு ஒரு ரைஸ் பார்சல். சுற்றுலா சீசனே மேயில் தொடங்கி செப்டெம்பரில் முடிந்துவிடும், அதற்குள் எங்கே பழகுவது, யார் முன்னால் பிழைவிடுவது?

எனக்கும் ஒரு வீடியோ இருந்தது. அதை யாரோ அப்பாவிடம் காட்டியிருந்தார்கள். இரவு சாப்பிடும்போது அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "காசு தந்து கூப்பிடுறாங்களோ, சிரிக்கக் கூப்பிடுறாங்களோ?" அம்மா சொதியை இன்னொரு அகப்பை ஊற்றினா. எட்டு மாதம் பாட்டுக் கலக்குகிற கொன்ட்ரோலரைத் தொடவில்லை. இதைப் பட்டனுக்கும் எண்ணுவதற்கும் சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று தெரியும், இருக்கட்டும்.

தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை வாசித்ததை ரெக்கோட் பண்ணியிருந்தால் அழிக்காதே, கொண்டு வா. ஞாயிறு பின்னேரம் வீட்டில்தான் இருப்பேன். ஹெட்ஃபோனையும் கொண்டு வா, என்னுடையதில் ஒரு பக்கம் கேட்காது.