புத்தகத்தைத் திறந்துவிட்டுப் பேசுங்கள்

அந்தக் காணொளியைத்தான் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்களே, என்ன நடந்தது என்று நான் மறுபடி விளக்க வேண்டியதில்லை. மேடையில் அந்தப் பேச்சாளர் ஒரு தடித்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். யூதர்களின் குடும்பச் சட்டம் இதுதான், நாடில்லாமல் அலைந்த காலத்திலும் அவர்கள் குடும்பம் சிதறாததற்குக் காரணம் அவர்கள் வீட்டுப் பெண்கள் அடங்கி நடந்தது என்றார். கைதட்டல். அப்புறம் நம் வீட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவர் அந்தப் புத்தகத்தைத் திறந்தாரா?

அவர் கையில் இருந்தது கிட்ஸூர் ஷுல்ஹான் ஆருக். அப்போதைய ஹங்கேரியின் உங்வாரில் வாழ்ந்த ஷ்லோமோ கான்ஸ்ஃப்ரீட் என்ற ரப்பி, அதாவது யூத மதகுரு, 1864-இல் வெளியிட்ட சுருக்கநூல். பெரிய நூல்களைப் படிக்க நேரமோ பயிற்சியோ இல்லாத சாதாரணக் குடும்பங்களுக்காக, காலையில் கண்விழிப்பது முதல் துக்கம் காப்பது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டது. பெரும்பாலும் முடிவு மட்டும் இருக்கும், வாதம் இருக்காது. பெண்கள் எப்படி உடுத்த வேண்டும், ஆண்கள் எவ்வளவு விலகி நடக்க வேண்டும் என்பதெல்லாம் கறாராகவே இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அது எதன் சுருக்கம் என்று பார்க்க வேண்டாமா? ஷுல்ஹான் ஆருக் என்பது யூதச் சட்டத் தொகுப்பு. யோசேஃப் காரோ அதை 16-ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரில் எழுதினார். 1565-இல் வெனிஸில் அச்சானது. போலந்தின் கிராக்கோவில் இருந்த மோஷே இஸ்ஸெர்லெஸ், தங்கள் பக்கத்து வழக்கம் பல இடங்களில் வேறு என்று குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். இன்றும் இருவர் எழுத்தும் ஒரே பக்கத்தில்தான் அச்சாகின்றன. இதற்கெல்லாம் அடியில், பழைய ரப்பிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் இருக்கிறது. அதில் வாதத்தில் தோற்றவர் சொன்னதும் அவர் பெயரோடு நிற்கும். மறுத்துப் பேசியவரை அழிக்காமல் காப்பாற்றிய ஒரு மரபை, வாய்மூடி இருப்பதற்கு உதாரணமாகக் காட்டினால் எப்படி?

அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத கெத்துபாவைப் பற்றிச் சொல்கிறேன். கெத்துபா என்பது திருமணத்தன்று எழுதித் தரும் பத்திரம். விலக்கினாலோ இறந்துபோனாலோ மனைவிக்கு இவ்வளவு தர வேண்டும் என்று கணவன் ஏற்கும் கடன். முதல் திருமணப் பெண்ணுக்கு 200 ஸூஸ் (பழைய வெள்ளிக்காசு), கைம்பெண்ணுக்கு 100. அந்தப் பத்திரம் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட மனைவியோடு வாழக்கூடாது என்பது விதி. உணவும் உடையும் கணவன் பொறுப்பு. தாம்பத்தியமும் கணவனின் கடமை, மனைவியின் உரிமை! தல்மூத்துக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலில் இதற்குத் தொழில்வாரியாகக் கணக்கே இருக்கிறது. கழுதை ஓட்டுகிறவன் என்றால் வாரம் ஒரு முறை, ஒட்டகம் ஓட்டுகிறவன் முப்பது நாளுக்கு ஒரு முறை, கடலோடி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கழுதை ஓட்டுகிறவன் கூடுதல் வருமானத்துக்காக ஒட்டகத் தொழிலுக்கு மாறலாமா என்று தல்மூத் கேட்கிறது. மனைவி பெரும்பாலும் பெரிய வருமானத்தைவிட, குறைவாகச் சம்பாதித்தாலும் கூட இருக்கிற கணவனைத்தான் விரும்புவாள் என்று பதில் சொல்கிறது. வளைகுடாவுக்குக் கணவனை அனுப்பிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்களிடம் நம்மில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோமா?

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ரப்பேனு கெர்ஷோம் என்ற ரப்பி 1000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இன்னொரு மனைவியைக் கட்டக்கூடாது, மனைவியின் சம்மதமில்லாமல் விலக்கக்கூடாது என்று தடை விதித்ததாக மரபு சொல்கிறது. மகள் வளர்ந்து, இன்னாரை விரும்புகிறேன் என்று தானே சொல்லும்வரை அவளை நிச்சயம் செய்யக்கூடாது என்றும் தல்மூத் சொல்கிறது. பிற்கால உரைகாரர்கள், நாடுகடந்த வாழ்வின் நெருக்கடியைக் காரணம் காட்டி இதை மீறுவதை ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் ஒன்றையுமே சொல்லவில்லை.

"உங்களுக்கு ஹீப்ரு தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். அவரும் மேடையில் தூக்கிக் காட்டியது ஆங்கில மொழிபெயர்ப்புதான். அவருக்கு மேடையே போட்டுக் கொடுத்தவர்கள் எனக்கு மட்டும் மொழித் தேர்வு வைக்கிறார்கள்.

"இஸ்ரேலுக்கு வக்காலத்தா?" என்றும் வரும். காசாவைப் பற்றி நான் எழுதியதெல்லாம் இதே பக்கத்தில் இருக்கிறது, கீழே போய்ப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் பல நாடுகளில் எழுதப்பட்ட குடும்பச் சட்டத்தைப் படிப்பது எந்த அரசாங்கத்துக்கும் ஓட்டுப் போடுவதாகாது. இதற்கு மேல் இதில் பேச எனக்கு விருப்பமில்லை.

"அதுவும் ஆணாதிக்கம்தானே?" என்பவர்களுக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆமாம். விலக்குப் பத்திரமான கெட் கணவன் கையிலிருந்துதான் வர வேண்டும். அவன் தர மறுத்தால் அவள் அகுனா, கட்டுண்டு கிடப்பவள். வாழ்க்கையும் இல்லை, விடுதலையும் இல்லை. இஸ்ரேலில் இன்றும் யூதர்களின் மணமுறிவு ரப்பிகளின் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. கெட் தர மறுப்பவனைச் சிறையில் வைக்கலாம், ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கலாம் என்று 1995-இல் சட்டம் கொண்டுவந்த பிறகும் காத்திருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இந்த அநியாயத்தைப் பற்றி உரக்கப் பேசியவர்களில் அந்த மரபுக்குள்ளேயே இருக்கும் பெண்களும் உண்டு. பழைய ரப்பிகளுக்கும் இது உறுத்தியிருக்கிறது. பொதுவாகப் பெண் சாட்சி சொல்ல முடியாத சட்டத்தில், காணாமல் போன கணவன் இறந்துவிட்டான் என்று ஒரு பெண் தனியாக வந்து சொன்னால்கூட ஏற்று மனைவியை விடுவித்தார்கள். அடங்கியே இருந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. 1917-இல் கிராக்கோவில் சாரா ஷெனிரெர் என்ற தையற்காரப் பெண் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 2020 ஜனவரியில் தல்மூத் முழுவதையும் நாளுக்கு ஒரு தாளாகப் படித்து முடித்ததைக் கொண்டாட ஆயிரக்கணக்கான பெண்கள் எருசலேமில் கூடினார்கள். இவர்கள் எல்லாம் அவர் பேச்சில் எங்கே?

இவ்வளவையும் பின்னூட்டத்தில் பொறுமையாகத்தான் எழுதினேன். வந்த பதிலை நீங்களே படித்திருப்பீர்கள். "அப்பன் பேச்சை மீறித் தாலி கட்டிக்கொண்டவள் குடும்ப நெறி பேசுகிறாள்." அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறிகள். என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் போட்டிருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்தேன். வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

ஆமாம், மீறினேன். அப்பா தபால் துறையில் இருந்தார், ஊரில் நல்ல பெயர். பதிவு அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்ட பிறகு என்னோடு பேசவில்லை. அம்மா பக்கத்து வீட்டிலிருந்து ஒளிந்து ஒளிந்து போன் செய்வாள். என் பையன் பள்ளிக்குப் போகும் வயது வரை அப்படியே ஓடியது. பெற்றவரை அவமதித்த பாவி என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, நானே அதை நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

பிறகுதான் இந்த நூல்களுக்குள் வந்தேன். ஷுல்ஹான் ஆருக்கில் யோரே தேயா பகுதி, 240-ஆவது பிரிவு, பெற்றோரை மதிப்பது பற்றியது. மிகக் கடுமையான பிரிவு. அப்பா உட்காரும் இடத்தில் உட்காராதே, அவர் பேச்சை முகத்துக்கு நேரே மறுக்காதே என்று நீள்கிறது. அதன் கடைசியில், தான் விரும்பிய பெண்ணை மகன் மணப்பதைத் தகப்பன் தடுத்தால் மகன் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று இஸ்ஸெர்லெஸ் எழுதியிருக்கிறார். மகன் என்றுதான் இருக்கிறது, மகள் என்று இல்லை. இருந்தாலும் அந்த வரியில் நான் அழுதேன். 16-ஆம் நூற்றாண்டில், கிராக்கோவில், தாடி வைத்த ஒரு ரப்பி எழுதியது அது. என் சொந்தத்தில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மதிப்பது என்றால் என்ன என்றும் தல்மூத் சொல்கிறது. உண்ணவும் குடிக்கவும் கொடுப்பது, உடுத்துவது, போர்த்துவது, கைபிடித்து உள்ளே அழைத்துவருவதும் வெளியே கூட்டிப்போவதும். அப்பா கடைசியில் என் வீட்டில்தான் இருந்தார். இவை அத்தனையும் நானும், அவர் வேண்டாம் என்ற என் கணவரும் செய்தோம். விருப்பக்குறி போட்டவர்களில் ஒருவர்கூட அப்போது எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பேச்சாளருக்கும் அவரை அழைத்தவர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஷுல்ஹான் ஆருக்கையே கொண்டுவாருங்கள். யோரே தேயா 240-ஐ, இஸ்ஸெர்லெஸ் குறிப்பையும் விடாமல், மேடையில் உரக்க வாசியுங்கள். கெத்துபா பற்றிய பகுதியையும் வாசியுங்கள். நான் முன்வரிசையில் வந்து உட்காருகிறேன். பின்னூட்டத்தில் என் அப்பாவை இழுப்பவர்களை இனி நீக்கிவிடுவேன். புத்தகத்தில் இருப்பதைக் காட்டி என்னை மறுப்பவர்களுக்கு எத்தனை இரவானாலும் பதில் எழுதுவேன்.